விசிலுக்கு மரியாதை தேடித் தந்தவர்

சென்னையில் விளையாட்டு ஆசிரியர்களுக்குக் கல்லூரி கண்ட ஹாரி பக்கின் வாழ்க்கை

மாலை நான்கு மணி. புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஆலங்குடி, அறந்தாங்கி, திருமயம், பொன்னமராவதி, எந்த ஊராக இருந்தாலும் சரி. பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து ஒரு விசில் சத்தம் கேட்கும். செம்மண் தரையில் சுண்ணாம்புக் கோடு. இரண்டு கம்பம், நடுவே ஒரு வலை. அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் ஆறு பேர். பந்து மேலே போகிறது, கீழே வருகிறது.

விசில் ஊதுகிறவரைப் பாட்டனார் காலத்தில் டிரில் மாஸ்டர் என்றார்கள். அப்பா காலத்தில் பி.டி. வாத்தியார். இன்று பிள்ளைகள் பி.இ.டி. சார் என்கிறார்கள். பெயர் எதுவானால் என்ன? அவர் படித்தவர். விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே தனியாகப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவர்.

விளையாட்டுக்குப் படிப்பா? அதற்கு ஒரு கல்லூரியா? நூறு வருஷங்களுக்கு முன்பு இப்படிக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் சென்னையில் அப்படி ஒரு பள்ளியைத் தொடங்கினார் ஓர் அமெரிக்கர். பள்ளி கல்லூரியாக வளர்ந்தது. அந்த அமெரிக்கரின் பெயர் ஹாரி குரோ பக்.

பந்து விளையாடும் தேசம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா என்று ஒரு மாகாணம். அங்கே லிவர்பூல் என்ற சின்ன ஊரில் 1884-ம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி பக் பிறந்தார். லிவர்பூல் என்றதும் இங்கிலாந்துத் துறைமுகத்தை நினைத்துவிட வேண்டாம். இது வேறு ஊர்.

அமெரிக்கர்களுக்கு விளையாட்டில் பெரும் பற்று. நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்கள் பிள்ளைகளுக்கு பேஸ்பால் அப்படி. அதுவும் மட்டையும் பந்தும் கொண்ட ஆட்டந்தான். ஆனால் மட்டை தட்டையாக இராது. கரலாக்கட்டையைப் போல் உருண்டையாக, நீளமாக இருக்கும். கல்லூரிக்குக் கல்லூரி ஒரு பேஸ்பால் குழு உண்டு. அந்தக் குழுவைப் பழக்குகிற ஆசிரியர் ஊரறிந்த மனிதர்.

அப்படிப்பட்ட தேசத்தில் விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்க ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஒரு கலாசாலை இருந்தது. ஒய்.எம்.சி.ஏ. என்னும் கிறிஸ்தவ வாலிபர் சங்கம் நடத்தி வந்த கலாசாலை அது. பக் அங்கேதான் படித்தார்.

இந்தக் கலாசாலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் ஊர் மைதானத்தின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பழக்கூடையில் விழுந்த பந்து

1891-ம் ஆண்டு டிசம்பர் மாதம். வெளியே ஒரே பனி. மாணவர்களால் மைதானத்துக்குப் போக முடியவில்லை. கூடத்துக்குள்ளேயே தினமும் தேகப்பயிற்சி செய்து செய்து அவர்களுக்கு அலுத்துவிட்டது. ஆசிரியர் பாடு திண்டாட்டம்.

அந்த ஆசிரியரின் பெயர் ஜேம்ஸ் நைஸ்மித். கூடத்துக்குள்ளேயே ஆட ஓர் ஆட்டம் வேண்டும் என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் பீச் பழம் போடும் கூடைகள் இரண்டைக் கொண்டுவரச் சொன்னார். கூடத்தின் இரண்டு பக்கத்து மேல்தளத்திலும் ஆளுக்கொன்றாக ஆணியடித்து மாட்டினார். பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். மாணவர்கள் பதினெட்டுப் பேர். பக்கத்துக்கு ஒன்பது பேராகப் பிரித்துவிட்டார். கால்பந்து ஒன்றைக் கையில் கொடுத்தார்.

அதுதான் கூடைப்பந்து. முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை. கூடைக்கு அடி இருந்ததால் பந்து உள்ளேயே தங்கிவிட்டது. ஏணி வைத்து ஏறித்தான் எடுக்க வேண்டியிருந்தது! மேல்தளம் தரையிலிருந்து பத்தடி உயரம். அதனால் கூடையும் பத்தடி உயரத்தில் அமைந்தது. இன்றைக்கும் உலகம் முழுவதும் கூடைப்பந்து வளையம் அதே பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது.

நான்கு வருஷம் கழித்து இன்னொரு ஆட்டம் பிறந்தது. ஸ்பிரிங்பீல்டில் படித்த வில்லியம் மார்கன் பக்கத்து ஊரான ஹோலியோக்கில் வேலை பார்த்தார். அவரிடம் வந்தவர்களில் நடுத்தர வயதுக்காரர்கள் பலர். பகலெல்லாம் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள். ஓடி, மோதி ஆடும் கூடைப்பந்து அவர்களுக்குத் தாங்கவில்லை. டென்னிஸ் வலையைத் தலைக்கு மேலே உயர்த்திக் கட்டினார் மார்கன். பந்தைத் தரையில் விடாமல் கையால் தட்டச் சொன்னார். அதுதான் கைப்பந்து என்று நாம் சொல்லும் வாலிபால்.

வயசானவர்களுக்கு இலேசான ஆட்டமாக இருக்கட்டும் என்று தொடங்கியது அது. இன்று நம் கிராமத்து இளைஞர்கள் வலைக்கு மேல் எம்பிக் குதித்து அடிக்கிற அடியைப் பார்த்தால் மார்கன் என்ன நினைப்பாரோ தெரியவில்லை.

பக் ஸ்பிரிங்பீல்டில் சேர்வதற்கு முன்பே நைஸ்மித் போய்விட்டார். ஆனால் அந்த இடத்தின் கொள்கை அப்படியே இருந்தது. உடம்பு, அறிவு, ஆன்மா மூன்றும் சேர்ந்து வளர வேண்டும். ஒன்றைவிட்டால் மற்ற இரண்டும் நிற்காது. அந்தச் சங்கத்தின் முக்கோணச் சின்னத்துக்கு அதுதான் அர்த்தம்.

சென்னைக்கு வந்தார்

1919-ல் பக் இந்தியாவுக்கு வந்தார். அவருக்கு வயது முப்பத்தைந்துகூட முடியவில்லை.

சென்னை ஹைகோர்ட்டுக்கு எதிரே சிவப்புக் கல்லால் கட்டிய ஒரு பெரிய கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் சென்னை ஒய்.எம்.சி.ஏ. கட்டடம். அமெரிக்க வியாபாரி ஒருவர் கொடுத்த நன்கொடையால் எழுந்தது. அந்தச் சங்கத்தின் ஊழியராகத்தான் பக் வந்தார்.

அப்போது நம் பள்ளிக்கூடங்களில் என்ன நடந்தது? டிரில் இருந்தது. விளையாட்டு இருந்ததா என்றால் இல்லை என்றே சொல்ல வேண்டும். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த ஒருவரை டிரில் வாத்தியாராக வைப்பார்கள். பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். அட்டென்ஷன் என்றால் விறைப்பு, ஸ்டாண்ட் அட் ஈஸ் என்றால் தளர்ச்சி. கையை மேலே தூக்கு, பக்கத்தில் நீட்டு, கீழே போடு. மணி அடித்தால் முடிந்தது.

அந்த வாத்தியார்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களுக்குத் தெரிந்தது பட்டாளத்துப் பழக்கம். அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். பத்து வயதுப் பிள்ளையின் எலும்பு எப்படி, இருபது வயதுப் பையனின் மூச்சு எப்படி என்று அவர்களுக்கு யார் சொல்லித் தந்தது? சம்பளத்திலும் அவர்களுக்குக் கடைசி இடம். ஆசிரியர்கள் அறையில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னால் பெரிது.

பெற்றோர்களின் மனசும் அப்படித்தான் இருந்தது. விளையாடுகிற பிள்ளை உருப்படாது என்பது அந்தக் காலத்து அபிப்பிராயம். (அந்தக் காலத்தோடு போய்விட்டதா என்று நீங்களே சொல்லுங்கள்.)

1920-ல் பள்ளி பிறந்தது

பக் ஒரு முடிவுக்கு வந்தார். பந்தும் வலையும் வாங்கிக் கொடுத்துவிட்டால் மட்டும் விளையாட்டு வளராது. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆளும் படித்தவராக இருக்க வேண்டும். உடற்கூறு தெரிய வேண்டும். முதல் உதவி தெரிய வேண்டும். பிள்ளைகளின் மனசு தெரிய வேண்டும். ஆட்டத்தின் விதிகளை ஒரு வக்கீல் சட்டத்தை அறிவதுபோல் அறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தானே இறங்கி ஆடிக்காட்ட வேண்டும்.

1920-ல் சென்னையில் தேகப்பயிற்சிப் பள்ளி தொடங்கியது. முதலில் வந்து சேர்ந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அது ஒத்துழையாமை இயக்கம் தொடங்கிய வருஷம். வெள்ளைக்காரர் என்றாலே ஜனங்கள் முகத்தைச் சுளித்த நேரம். இவர் ஆங்கிலேயர் அல்ல, அமெரிக்கர்தான். ஆனாலும் தோலின் நிறம் ஒன்றுதானே. போதாக்குறைக்கு மதச் சங்கத்தின் ஊழியர் வேறு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சொல்லிக் கொடுத்த ஆட்டத்தில் எல்லா மதத்தாரும் எல்லாச் சாதியாரும் பங்கு பெற முடிந்தது. பந்தை வாங்கிப் பக்கத்திலிருப்பவனுக்குக் கொடுத்தால்தான் கூடைப்பந்து நடக்கும். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துக்கொண்டிருந்தால் எதிராளி பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவான்!

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கு மட்டை, காலுறை, கையுறை என்று செலவு உண்டு. டென்னிஸுக்கு அதைவிடச் செலவு. கைப்பந்துக்கு ஒரு பந்தும் ஒரு வலையும் போதும். ஊரில் மூங்கில் கிடைக்கும், கம்பம் ஆயிற்று. பன்னிரண்டு பேர் ஆட, ஊரே சுற்றி நின்று பார்க்கலாம். ஏழை நாட்டுக்கு ஏற்ற ஆட்டம். பிற்காலத்தில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கைப்பந்து வேரோடியதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

நம் ஆட்டங்களை மறக்கவில்லை

வெளிநாட்டார் ஒருவர் இங்கே வந்தால் தம் ஊர்ச் சரக்கை மட்டும் விற்றுவிட்டுப் போவார் என்று நாம் நினைப்போம். பக் அப்படிச் செய்யவில்லை. அவருடைய மாணவர்கள் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார்கள். யோகாசனமும் பாடத்தில் சேர்ந்தது. சடுகுடுவும் சேர்ந்தது.

சடுகுடுவை எண்ணிப் பாருங்கள். பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவன் மூச்சுவிடாமல் பாடவேண்டும், தொட்டுவிட்டுத் திரும்பவேண்டும். எல்லா ஊரிலும் இது ஒன்றுதான். ஆனால் ஆட்கள் எத்தனை? கோடு எங்கே? ஆட்டமிழந்தவன் திரும்ப வரலாமா? இதிலெல்லாம் ஊருக்கொரு வழக்கு. திருமயத்தான் ஒன்று சொல்வான், கீரனூரான் இன்னொன்று சொல்வான். ஆட்டம் தொடங்கு முன்பே சண்டை தொடங்கிவிடும்.

எழுதி வைத்த விதி ஒன்று இருந்தால் இரண்டு ஊர்களும் கூடி ஆடலாம். அச்சிட்ட புத்தகம் ஒன்று இருந்தால் அதைக் காட்டி நடுவர் தீர்ப்புச் சொல்லலாம். விளையாட்டு விதிகளைத் தொகுத்துப் பக் ஒரு புத்தகம் வெளியிட்டார். கைப்பந்து, கூடைப்பந்து முதலிய மேல்நாட்டு ஆட்டங்களோடு நம் நாட்டு ஆட்டங்களுக்கும் அதில் இடம் தந்தார். மேற்கே மராட்டிய தேசத்திலும் இதே காலத்தில் ஹுதுது என்ற பெயரில் இந்த ஆட்டத்துக்கு விதி வகுத்துக்கொண்டிருந்தார்கள். இப்படிப் பலர் செய்த வேலையால்தான் தெருப்புழுதியில் கிடந்த ஆட்டம் கபடியாகி, 1990-ல் பீகிங் ஆசிய விளையாட்டுப் போட்டிவரை போனது.

வியாயாம் என்று ஒரு பத்திரிகையும் கல்லூரியிலிருந்து வந்தது. வியாயாம் என்றால் தேகப்பயிற்சி. எங்கோ ஒரு மூலையில் தனியாக விசில் ஊதிக்கொண்டிருந்த ஆசிரியருக்கு, தம்மைப்போல் பலர் இருக்கிறார்கள் என்ற தைரியத்தை அது கொடுத்திருக்கும்.

சென்னை சர்க்காரும் பக்கை அழைத்தது. பள்ளிக்கூடங்களில் தேகப்பயிற்சி எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு அவர் ஆலோசகராக இருந்தார். உயர்நிலைப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டம் எழுதினார்.

பாரிஸ் பயணம்

1924-ல் பிரான்சு தேசத்தில் பாரிஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அந்த வருஷம் பிப்ரவரியில் டில்லியில் தேர்வுப் பந்தயம் வைத்து ஆட்களைப் பொறுக்கினார்கள். அந்த ஓட்டக்காரர் குழுவுக்குத் தலைவராக, மேனேஜராகப் போனவர் பக்.

கையில் ஒரு சின்னக் குழு. கப்பல் ஏறிப் போக வேண்டும். எதிரே நிற்பவர்கள் யார்? பின்லாந்து வீரர் நூர்மி அந்த ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து தங்கம் வாங்கினார். அப்படிப்பட்டவர்கள் கூடிய களம் அது.

நம்மவர்களில் சி. கே. லட்சுமணன் தடை தாண்டும் ஓட்டத்தில் ஓடினார். இவர் பின்னாளில் டாக்டராகிப் பெரிய மருத்துவ அதிகாரியாக உயர்ந்தார். பஞ்சாபைச் சேர்ந்த தலீப் சிங் நீளத் தாண்டலில் இறங்கினார். ஒருவருக்கும் பதக்கம் கிடைக்கவில்லை.

தோற்றுவிட்டோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நம் நாட்டில் ஓடத் தெரிந்த கால்கள் இல்லாமல் இல்லை. அந்தக் கால்களைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்துப் பழக்க ஆள்தான் இல்லை. ஸ்பிரிங்பீல்டில் படித்த பக்குக்கு இதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திராது.

சென்னை மாகாணத்தில் ஒலிம்பிக் சங்கம் ஏற்பட்டதில் பக்குக்குப் பங்கு உண்டு. 1927-ல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தது. சர் தோராப்ஜி டாட்டா தலைவர். முதல் காரியதரிசி நோரன். அவரும் பக்கைப்போல் ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்தவர். மறு வருஷமே, 1928-ல், ஆம்ஸ்டர்டாமில் ஹாக்கியில் இந்தியா தங்கம் வென்றது. அது பக்கின் வேலை அல்ல. ஹாக்கிக்குத் தனிச் சரித்திரம் உண்டு. ஆனால் குழுவைக் கப்பலேற்றி அனுப்பவும், செலவுக்குப் பணம் திரட்டவும் நாட்டில் ஓர் அமைப்பு வேண்டும் என்ற எண்ணம் அந்த வருஷங்களில்தான் உருவாகி வந்தது.

சைதாப்பேட்டையில் சொந்த இடம்

சென்னை ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சிக்குக் கூட்டங்கூட்டமாகப் போகிறதே, அந்த நந்தனம் மைதானம் தெரியுமல்லவா? அதுதான் பக்கின் கல்லூரி. புத்தகப் பையோடு நடக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியுமோ!

1930-க்குப் பிறகு பள்ளி கல்லூரியாக உயர்ந்து அங்கே குடிபோனது. நந்தனம் என்ற பெயரே அப்போது கிடையாது. நந்தன வருஷத்தில் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது, 1952-53-ல் வந்த பெயர் அது. பக் போனபோது அது சைதாப்பேட்டை. அடையாற்றை ஒட்டிய பரந்த வெளி. அறுபது ஏக்கருக்கு மேல். மரத்தடியில் வகுப்பு, எதிரே மைதானம். காலையில் கரும்பலகையில் படித்ததை மாலையில் மண்ணில் செய்து பார்க்கலாம்.

சென்னை வெயில் ஸ்பிரிங்பீல்டுப் பனி அல்ல. அங்கே வெளியே போக முடியாததால் ஆட்டத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். இங்கே அதே கூடைப்பந்தைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோனார்கள்.

இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். படித்து முடித்து ஊர் ஊராகப் போனார்கள். ஒருவர் போன இடத்தில் ஒரு மைதானம் உண்டாயிற்று. அந்த மைதானத்தில் ஆடிய பையன்களில் ஒருவன் மறுபடி சென்னைக்குப் படிக்க வந்தான். பிற்காலத்தில் பெண்களுக்கும் கல்லூரி கதவைத் திறந்தது. பெண் பிள்ளை மைதானத்தில் ஓடுவதா என்று ஊர் கேட்ட காலத்தில் இது சின்னக் காரியம் அல்ல. பெண் ஆசிரியை ஒருத்தி வந்த பிறகுதான் பல ஊர்களில் பெண் குழந்தைகளைப் பெற்றோர் விளையாட அனுப்பினார்கள்.

பக்கின் மனைவி மேரி பக்கும் கணவரோடு இங்கேயே இருந்து அவர் வேலையில் துணை நின்றார்.

கடைசிக் காலம்

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து சென்னையிலிருந்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர்களுக்கு ஓடினார்கள். திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டில் அந்தக் கதை இன்னும் நினைவிருக்கும். பக்குக்கோ சைதாப்பேட்டைதான் ஊர். 1943-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி அவர் காலமானார். வயது ஐம்பத்தெட்டு. அதில் இருபத்து நான்கு வருஷங்கள் இந்தியாவுக்குக் கொடுத்தவை.

இந்தியா சுதந்தரம் அடைந்ததை அவர் பார்க்கவில்லை. தனிச் சமஸ்தானமாக இருந்த புதுக்கோட்டை 1948-ல் இந்தியாவோடு இணைந்ததையும், அதன்பின் கிராமந்தோறும் பள்ளிக்கூடங்கள் எழுந்ததையும், அந்தப் பள்ளிகளுக்கெல்லாம் உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்று சர்க்கார் ஆள் தேடியதையும் பார்க்கவில்லை. அவருடைய கல்லூரி 2020-ல் நூறு வயதைத் தாண்டியது. இன்று உடற்கல்விக்கென்று தமிழ்நாட்டில் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது.

அவர் எண்ணியது முழுவதும் நிறைவேறிவிட்டதா என்று கேட்டால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம்தான் கேட்க வேண்டும். பரீட்சை நெருங்கினால் முதலில் காணாமல் போவது எந்தப் பீரியட்? விளையாட்டுப் பீரியட்தான். கணக்கு வாத்தியார் வந்து கேட்பார். அது அவருக்குப் போய்விடும். மைதானம் சும்மா கிடக்கும்.

மாலையில் மணி அடித்ததும் யாரோ ஒரு பையன் வலையை எடுத்துக்கொண்டு ஓடுவான். மற்றவர்கள் பின்னால் போவார்கள். கம்பத்தில் கட்டி இழுத்து, தொய்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பி.இ.டி. சார் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்துக்கொண்டு வருவார்.